விலை துண்டுக்குள் இருக்கட்டும், மாட்டை ஏன் மறைக்கிறீர்கள்? வர்த்தக ஒப்பந்தங்களும் டிஜிட்டல் உரிமைகளும்: கோத்தகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா, சிட்டா, வருமானச் சான்று, கல்வி உதவித்தொகை, ரயில் டிக்கெட் என்று ஓடுகிறது பிழைப்பு. 2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு, இணையம், தரவு, மென்பொருள் பற்றிய அதன் டிஜிட்டல் அத்தியாயத்தைப் படித்து, புரிந்தவரை தமிழில் இரண்டு பக்கம் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டினேன். பிரிண்ட் எடுக்கக் காத்திருப்பவர்கள் படிப்பார்கள், கேட்பார்கள். மழை நாளில் கரண்ட் போய்விட்டால் இன்னும் நிறையக் கேட்பார்கள். சொன்ன பதிலையே திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன்.

பச்சைத் தேயிலைக்கே விலை கிடைக்கல. இதுல டிஜிட்டல் உரிமை யாருக்கு வேணும்?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஹட்டிக்காரர்கள் (ஹட்டி என்றால் இங்குள்ள படகர் ஊர்). கோபம் நியாயமானது. ஆனால் தேயிலை விலை எப்படி விழுந்தது என்று ஞாபகப்படுத்திக்கொண்டால் பதில் அதிலேயே இருக்கிறது.

ஒரு காலத்தில் நம் தூளைச் சோவியத் ரஷ்யா மொத்தமாக வாங்கியது. அந்த நாடே உடைந்தது. பிறகு 1998 டிசம்பர் 28-ல் இலங்கையுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் வந்தது, ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ தேயிலை வரை சலுகை வரியில் உள்ளே வரலாம் என்றார்கள். 2001 ஏப்ரல் 1-ல் இறக்குமதிக்கான அளவுக் கட்டுப்பாடுகளை நாடு முழுவதும் எடுத்தார்கள். உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா தொடுத்த வழக்கில் நாம் தோற்றதன் விளைவு அது. 2009 ஆகஸ்டில் ஆசியான் என்ற தென்கிழக்காசிய நாடுகளோடு ஒப்பந்தம். கேரளத்தில் அதை எதிர்த்து மனிதச் சங்கிலி நடந்தது. நம் பக்கம் பலருக்கு அப்படி ஒரு ஒப்பந்தம் இருப்பதே பிறகுதான் தெரிந்தது.

எல்லாப் பழியையும் ஒப்பந்தத்தின் தலையில் போட மாட்டேன். இலங்கையிலிருந்து உண்மையில் வந்த தேயிலை அந்த ஒதுக்கீட்டைவிட மிகக் குறைவு. தரம், அதிக உற்பத்தி, ஏஜென்ட், ஃபேக்டரி என்று காரணங்கள் பல. என்னை உறுத்துவது வரிசை. முதலில் கையெழுத்து, அப்புறம் நமக்குச் செய்தி, அதற்கும் அப்புறம் போராட்டம். இலைக்கு நடந்த அதே வரிசை இப்போது போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடக்கிறது. அது தெரிந்தும் இரண்டாவது முறை கடைசியில் போய் நிற்க எனக்கு விருப்பமில்லை.

வர்த்தகம்னா சரக்கு, கப்பல், வரி. அதுல டிஜிட்டல் எங்க வந்துச்சு?

1990-கள் வரை நீங்கள் சொல்வது சரி. இப்போது எழுதப்படும் ஒப்பந்தங்களில் 'மின்வணிகம்' அல்லது 'டிஜிட்டல் வர்த்தகம்' என்று தனி அத்தியாயமே இருக்கும். பதிப்புரிமையும் காப்புரிமையும் அறிவுசார் சொத்துரிமை என்ற இன்னொரு அத்தியாயத்தில் இருக்கும். இரண்டும் சேர்ந்து நான்கைந்து விஷயங்களைத் தொடுகின்றன.

ஒன்று, தரவு எல்லை தாண்டுவது. நீங்கள் ஹோம்ஸ்டே நடத்துகிறீர்கள். வருகிறவர் பெயர், அடையாள அட்டை, எத்தனை இரவு, எவ்வளவு பணம், எல்லாம் முன்பதிவுச் செயலி வழியாக எங்கோ ஒரு நாட்டின் சர்வருக்குப் போகிறது. அதை உள்நாட்டில் வைக்கச் சொல்லும் அதிகாரம் அரசுக்கு இருக்க வேண்டுமா என்பது கேள்வி. ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் அப்படி ஒரு உத்தரவு போட்டது: பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவில் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும். டீக்கடையில் நீங்கள் ஸ்கேன் செய்து கொடுக்கும் 12 ரூபாயின் கணக்கும் அதில் அடக்கம். இப்படிப்பட்ட உத்தரவுகளைப் பொதுவாகத் தடுக்கும் விதிகள் பல ஒப்பந்தங்களில் உள்ளன.

இரண்டாவது மூல நிரல், அதாவது சோர்ஸ் கோடு. அதற்குக் கீழே தனியாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது, இணையம் வழியாக வருவதற்குச் சுங்கவரி. முன்பு பாட்டு கேசட்டில் வந்தது, மென்பொருள் சிடியில் வந்தது. துறைமுகத்தில் வரி போட முடிந்தது. இப்போது கம்பி வழியாக வருகிறது. 1998-லிருந்து உலக வர்த்தக அமைப்பு 'மின்னணுப் பரிமாற்றத்துக்கு வரி இல்லை' என்று தற்காலிகமாக முடிவெடுத்து, அதையே நீட்டித்துக்கொண்டு வந்தது. வருமானம் போகிறதே என்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தன. 2024-ல் அபுதாபி மாநாட்டிலும் இந்தியா எதிர்த்தது, கடைசியில் இறங்கி வந்தது. தற்காலிகம் என்று சொல்லிக் கால் நூற்றாண்டு ஓட்டியது நம் ஊர் 'தற்காலிகப் பேருந்து நிலையம்' மாதிரிதான்.

அப்புறம் பதிப்புரிமை. நம் சட்டத்தில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை. அதை 70 ஆக்கச் சொல்லும் ஒப்பந்தங்கள் உண்டு. எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கி எல்லோரும் அச்சிடலாம் என்று விட்ட மாநிலம் நம்முடையது. நமக்கு இந்தப் பத்து ஆண்டுகளின் கனம் புரிய வேண்டும். டிஜிட்டல் பூட்டை, அதாவது நகலெடுக்கவோ மாற்றவோ விடாமல் மென்பொருளில் போடும் தடையை, உடைப்பதைக் குற்றமாக்கும் விதியும் இதோடு சேர்ந்து வரும். அது எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்து, நம் பஸ் ஸ்டாண்டு மொபைல் ரிப்பேர் தம்பி செய்யும் வேலைகூடச் சந்தேகத்துக்குள் வரலாம்.

சோர்ஸ் கோடுன்னா என்ன? தோட்டக்காரனுக்கு அதுல என்ன?

மென்பொருள் எப்படி முடிவெடுக்க வேண்டும் என்று மனிதர் எழுதிய வரிகள்தான் சோர்ஸ் கோடு. குன்னூர் தேயிலை ஏலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பு சுத்தியல் தட்டி ஏலம் விட்டார்கள். யார் கை தூக்கினார், யார் யாரைப் பார்த்துக் கண் காட்டினார் என்று அறையில் இருந்தவருக்குத் தெரிந்தது. இப்போது ஏலம் கணினியில் நடக்கிறது. எந்த லாட் முதலில் திரையில் வரும், கடைசி நொடியில் வரும் கேட்பை ஏற்பதா, எத்தனை நொடி நீட்டுவது, எல்லாமே நிரல் வரிகள். அந்த ஏல விலையைக் கொண்டுதான் தேயிலை வாரியம் மாதாமாதம் பச்சைத் தேயிலைக்குக் குறைந்தபட்ச விலை கணக்கிடுகிறது. ஆக, நிரலில் ஒரு வரி மாறினால் ஏதோ ஒரு ஹட்டியில் மூட்டை கட்டி நிற்பவரின் கிலோ விலை மாறலாம். (குன்னூர் ஏல மென்பொருளில் தப்பு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. உதாரணத்துக்குச் சொன்னேன். இதை வைத்து யாரும் சண்டைக்குப் போக வேண்டாம்.)

நாளைக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனம் இலையின் தரத்தைக் கேமராவில் பார்த்து எடையில் கழிவு போடும் கருவியை விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'இங்கே விற்க வேண்டுமானால் உன் நிரலை எங்கள் ஆய்வாளருக்குக் காட்டு' என்று அரசு நிபந்தனை போட முடியுமா? மூல நிரல் விதி ஏற்றுக்கொண்ட நாடு பொதுவாக அப்படி நிபந்தனை போட முடியாது. வழக்கு, விசாரணை போன்ற தருணங்களுக்கு விதிவிலக்கு எழுதுவார்கள். ஆனால் தப்பு நடந்த பிறகு கேட்பதும், கடைக்கு வரும் முன் தராசைச் சோதிப்பதும் ஒன்றா? கிலோ கல்லுக்கு முத்திரை குத்தும் தொழிலாளர் துறை ஆய்வாளரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

எதுக்கு ரகசியம்? பேரம்னா எல்லாத்தையும் வெளிய சொல்ல முடியுமா?

முடியாதுதான். இது அசட்டுக் கேள்வி இல்லை. 'எதுவரை இறங்குவேன்' என்று எதிராளிக்குத் தெரிந்துவிட்டால் பேரமே இல்லை.

மாட்டுச் சந்தை பார்த்திருப்பீர்கள். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, இருவர் கையையும் மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குத் தொகை தெரியாது. ஆனால் மாடு வெளியேதான் நிற்கிறது. வருகிறவன் போகிறவன் எல்லாம் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், சுழி பார்க்கிறான், நடக்க விட்டுப் பார்க்கிறான். வர்த்தகப் பேச்சில் விலையையும் மாட்டையும் சேர்த்துத் துண்டுக்குள் மூடுகிறார்கள். அதைத்தான் கேட்கிறோம்.

இன்னொன்று. பேச்சுவார்த்தை மேசையில் நம் அரசு ஒரு வரைவைக் கொடுத்துவிட்டால், அதை எதிராளி படித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தத் தாள் யாரிடமிருந்து ரகசியம்? நம்மிடமிருந்து மட்டும்தான். எதிராளி படித்ததை நானும் படிக்க வேண்டும் என்பதில் எந்தப் பேர ரகசியமும் கெடாது. இதுவரை யாரும் எனக்கு இதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

எல்லா நாட்டுலயும் இப்படித்தானா?

இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவோடு 2022-ல் பேச்சைத் திரும்பத் தொடங்கியபோது, தான் முன்வைத்த வரைவுகளைத் தன் வலைத்தளத்திலேயே போட்டது. டிஜிட்டல் வர்த்தக வரைவும் அதில் இருந்தது. இந்தியாவிடம் என்ன கேட்கிறார்கள் என்பதைக் கோத்தகிரியில் உட்கார்ந்து பிரஸ்ஸல்ஸ் தளத்தில் படித்தேன். டெல்லி தளத்தில் அதற்கான நம் பதில் வரைவு இல்லை. பிரிட்டன் 2021-ல் தன் மக்களிடம் கருத்துக் கேட்டது, 2022 ஜனவரியில் தன் நோக்கங்களை வெளியிட்டது. கையெழுத்தான ஒப்பந்தத்தை அவர்கள் நாடாளுமன்றத்தின் முன் 21 அமர்வு நாட்கள் வைத்தாக வேண்டும் என்று 2010-லிருந்தே சட்டம் உண்டு. அங்கேயும் எம்.பி.க்கள் வாசகத்தைத் திருத்த முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும். அதுவாவது இருக்கிறது.

ஐரோப்பா இப்படித் திறந்ததும் சும்மா இல்லை. அமெரிக்காவோடு 2013-ல் தொடங்கிய பேச்சில் மக்கள் கொதித்தார்கள். ஜெர்மனி எம்.பி.க்கள் வரைவைப் படிக்க 2016-ல் பெர்லினில் ஓர் அறை திறந்தார்கள்: வாசலில் காவலாளி, செல்போன் வெளியே, நகல் எடுக்கக் கூடாது, படித்ததை வெளியில் பேசக் கூடாது. பத்தாம் வகுப்புப் பரீட்சை ஹால் மாதிரி. அதே ஆண்டு மே 2-ல் கிரீன்பீஸ் நெதர்லாந்து அமைப்பு 248 பக்க வரைவை வெளியிட்டது.

திறந்து வைத்துப் பேசினால் ஒப்பந்தமே முடியாது என்பார்கள். பார்வையற்றோருக்குப் புத்தகம் கிடைக்க வழி செய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013-ல் முடிந்தது. அதன் வரைவுகள் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் தளத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி கிடந்தன. பார்வையற்றோர் அமைப்புகள் அரங்கத்திலேயே இருந்தார்கள். அதை முதலில் ஏற்புறுதி செய்த நாடு எது தெரியுமா? இந்தியா, 2014-ல்.

நம்ம எம்.பி.ங்க ஓட்டுப் போட்டுத்தானே ஒப்பந்தம் வரும்?

வராது. கேட்டவர் ஒரு வக்கீல் குமாஸ்தா, அவருக்கே ஆச்சரியம். ஒப்பந்தம் போடுவது மத்திய அமைச்சரவையின் அதிகாரம். அரசியல் சாசனத்தின் 73-ஆம் பிரிவும் ஒன்றியப் பட்டியலும் அதற்குப் போதும். சட்டம் எதையாவது மாற்ற வேண்டி வந்தால்தான் 253-ஆம் பிரிவின் கீழ் நாடாளுமன்றத்துக்கு வருவார்கள். அப்போது 'வெளிநாட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம்' என்பார்கள். வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருந்தாலும் மாநிலத்தின் சம்மதம் தேவையில்லை.

சண்டை போட்டு எங்கயாவது ஜெயிச்சிருக்காங்களா?

ஜெயித்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வெற்றியிலும் 'ஆனால்' உண்டு.

சுத்தமான வெற்றி ஆக்டா. போலிப் பொருள் எதிர்ப்பு என்ற பெயரில் பணக்கார நாடுகள் சேர்ந்து எழுதியது. உள்ளே இணையத்தில் பதிப்புரிமையைக் கண்காணிப்பதற்கான விதிகள் இருந்தன. பேச்சு தொடங்கி நெடுநாள் வரைவே வெளியிடவில்லை. கசிந்துகொண்டே இருந்ததால் 2010 ஏப்ரலில் அதிகாரபூர்வமாக வெளியிட வேண்டியதாயிற்று. 2012 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் கையெழுத்திட்டதும் போலந்தில் உறைபனியில் இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். 28 லட்சம் பேர் மனுவில் பெயர் போட்டார்கள். 2012 ஜூலை 4-ல் ஐரோப்பிய நாடாளுமன்றம் 478-க்கு 39 என்று நிராகரித்தது, 165 பேர் நடுநிலை. அங்கே நாடாளுமன்றத்துக்கு நிராகரிக்கும் அதிகாரம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். நமக்கு அந்தக் கதவே கிடையாது.

பசிபிக் நாடுகள் 12 சேர்ந்து எழுதிய டி.பி.பி. ஒப்பந்தத்தின் அறிவுசார் சொத்துரிமை அத்தியாயத்தை 2013 நவம்பரில், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் வெளியிட்டது. அதுவரை மூடிய அறையில் இருந்த வரிகளை டிஜிட்டல் உரிமை அமைப்புகள், மருந்து அமைப்புகள், நூலகர்கள் எல்லாம் வரிக்கு வரி பிரித்துப் போட்டார்கள். 2017 ஜனவரியில் அமெரிக்கா வெளியேறியது. அது இவர்கள் போராட்டத்தால் மட்டும் நடந்ததில்லை, ஆட்சி மாறியது. மீதி 11 நாடுகள் 2018-ல் கையெழுத்திட்டபோது பதிப்புரிமை 70 ஆண்டு, டிஜிட்டல் பூட்டு, இணையச் சேவை நிறுவனப் பொறுப்பு போன்ற பகுதிகளை நிறுத்தி வைத்தார்கள். பல ஆண்டுகள் கத்தியது வீண் போகவில்லை. ஆனால் மூல நிரல் விதியும் தரவு விதியும் அப்படியே நின்றுவிட்டன.

நம் பக்கம் ஆர்.சி.இ.பி. என்ற ஆசிய-பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்துக்கான பேச்சு, இந்தியாவையும் சேர்த்து 16 நாடுகளோடு 2012-ல் தொடங்கியது. 2017 ஜூலையில் ஹைதராபாத்தில் ஒரு சுற்று நடந்தபோது விவசாயிகள், தொழிற்சங்கங்கள், நோயாளிகள் அமைப்புகள், டிஜிட்டல் உரிமைக்காரர்கள் ஒரே ஊரில் கூடினார்கள். பால்காரரும் கம்ப்யூட்டர்காரரும் ஒரே பந்தலில் உட்கார்ந்தது எனக்குப் பிடித்த காட்சி. 2019 நவம்பர் 4-ல் பாங்காக்கில் இந்தியா விலகியது. முக்கியக் காரணம் பாலும் சீன இறக்குமதியும். தரவு விஷயத்தில் இந்தியாவுக்கு இருந்த மறுப்பு ஓரத்தில்தான். பந்தலில் பால்காரர் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர்காரர் பேச்சு எடுபட்டிருக்குமா என்பது சந்தேகமே.

கடைசியாக ஒன்று. இந்த விதிகளையெல்லாம் உலகத்துக்குக் கொண்டுபோய் விற்றதே அமெரிக்கா. அதே அமெரிக்கா 2023 அக்டோபரில், உலக வர்த்தக அமைப்பின் மின்வணிகப் பேச்சில் தரவு, மூல நிரல் கோரிக்கைகளுக்கான ஆதரவை விலக்கிக்கொண்டது. பெரிய நிறுவனங்களைக் கட்டுப்படுத்தச் சொந்த நாட்டுக்கே இடம் வேண்டும் என்பது அப்போது சொன்ன காரணம். அந்தப் பேச்சில் இந்தியா சேரவே இல்லை.

அப்ப இந்தியா இன்னும் எதுக்கும் ஒத்துக்கலையா?

ஒத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. 2022 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தோடு கையெழுத்தானதில் முதல்முறையாக டிஜிட்டல் வர்த்தக அத்தியாயம் வந்தது. அதை மீறினால் வழக்குப் போட முடியாது என்ற அளவில் மென்மையானது. 2025 ஜூலை 24-ல் பிரிட்டனோடு ஆனதில் மூல நிரல் விதி உள்ளே வந்துவிட்டது. இத்தனை ஆண்டுகள் மறுத்து வந்த ஒன்று. முழு வாசகத்தையும் நாம் படித்தது கையெழுத்தான பிறகு. என் கடைச் சுவர்த் தாள் அப்படிப் பிறந்ததுதான்.

நீங்க ஒப்பந்தமே வேணாங்கிறீங்களா?

இல்லை. நீலகிரி நாடாளுமன்றத் தொகுதியில் ஊட்டி, குன்னூர், கூடலூரோடு மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகரும் இருக்கின்றன. அவிநாசியில் பனியன் தைப்பவருக்குப் பிரிட்டன் வரி நீங்கினால் நல்லது. மேலே இலை பறிப்பவருக்கும் கீழே பனியன் தைப்பவருக்கும் ஒரே எம்.பி. அவர் இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டுமென்றால் வாசகம் முன்கூட்டியே கையில் வேண்டாமா?

தரவு இந்தியாவுக்குள்ளயே இருந்தா பத்திரம்தானே?

அப்படிச் சொல்ல மாட்டேன். வெளிநாட்டு நிறுவனத்திடம் இருந்தால் அவன் விற்பான். உள்நாட்டில் இருந்தால் நம் அரசே கேட்காமல் பார்க்கலாம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 16-ஆம் பிரிவில் எந்த நாட்டுக்குத் தரவு போகக் கூடாது என்று சொல்லும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 17-ஆம் பிரிவில் அரசு அமைப்புகளுக்கே விலக்குத் தரும் அதிகாரத்தையும் தருகிறது. டிஜிட்டல் உரிமை அமைப்புகளே இதில் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன: எல்லை போட்டால் இணையம் துண்டாகும் என்பது ஒரு கட்சி, எல்லை இல்லாவிட்டால் நம் தரவில் பிறத்தியார் கல்லா கட்டுவார் என்பது இன்னொரு கட்சி. நான் எந்தக் கட்சி என்று இன்னும் முடிவாகவில்லை. ஆனால் அந்தச் சண்டையை வெளிச்சத்தில் போட வேண்டும். 2015-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இணையச் சமநிலை (எல்லாத் தளங்களையும் இணைய நிறுவனங்கள் ஒரே மாதிரி நடத்துவது) பற்றி ஆலோசனைத் தாள் வெளியிட்டது. சில வாரங்களில் பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8-ல் பாரபட்சக் கட்டணத்துக்குத் தடை வந்தது. அதே நாடு, அதே மக்கள், அதே இணையம். வர்த்தகத் துறை மட்டும் ஏன் கேட்பதில்லை?

கம்ப்யூட்டர் சென்டர்காரருக்கு இதுல ஏன் இவ்ளோ அக்கறை?

கொஞ்சம் கேலியாகத்தான் கேட்டார்கள். நேராகவே சொல்கிறேன். நான் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டில் (தொழிலாளர் வரிசை வீடு) பிறந்தவன், சிலோன்காரக் குடும்பம். 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒரு தாளில் கையெழுத்திட்டார்கள், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரைப் பங்கு பிரிக்க. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேருக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நுவரெலியாவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் தாத்தாவிடம் யாரும் கேட்கவில்லை. அவர் எந்தக் கணக்கில் வருகிறார் என்பது அவருக்குத் தெரியவே சில ஆண்டுகள் ஆயிற்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் இறங்கி, இந்த மலைக்கு வந்தார். 1968-ல் தொடங்கிய அந்த அரசுத் தேயிலைத் தோட்டம் எங்களைப் போன்றவர்களுக்காகத்தான்.

அது வர்த்தக ஒப்பந்தம் இல்லை, தெரியும். ஆனால் தாத்தா ரேடியோச் செய்தியை அணைக்கவே விட மாட்டார். "நமக்கே தெரியாம நம்மளப் பத்தி எழுதிருவானுங்க" என்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

சரி, நாங்க என்ன செய்யணும்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இருந்து தொடங்கலாம். கட்டணம் 10 ரூபாய், அஞ்சல் ஆர்டர் போதும்; வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவருக்கு அதுவும் இல்லை. பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். 6(1) பிரிவின்படி தமிழிலேயே எழுதலாம், மத்திய அரசு அலுவலகமாக இருந்தாலும்.

என் அனுபவம் ஒன்று. ஒரு மத்திய அலுவலகத்துக்கு 'டிஜிட்டல் அத்தியாய வரைவின் நகல் தருக' என்று எழுதினேன். 29-ஆம் நாள் இரண்டு வரிப் பதில்: 8(1)(அ)வின் கீழ் தர இயலாது, வெளிநாட்டு உறவு பாதிக்கும். தப்பு என்னுடையதும்தான், ஒரேயடியாக மாட்டையும் துண்டையும் சேர்த்துக் கேட்டுவிட்டேன். அடுத்த மனுவில் பிரித்துக் கேட்டேன். இந்த அத்தியாயம் பற்றி எந்தெந்தத் தொழில் அமைப்புகளிடம் கருத்துக் கேட்டீர்கள், எந்தத் தேதிகளில்? சிறு விவசாயிகள், நுகர்வோர், தொழிலாளர் தரப்பில் யாரையாவது கேட்டீர்களா? தமிழ்நாடு அரசுக்கு இது குறித்துக் கடிதம் அனுப்பினீர்களா? மூல நிரல் விதியின் விளைவு பற்றி ஏதாவது ஆய்வு செய்தீர்களா, செய்திருந்தால் அதன் தலைப்பு என்ன? இதற்குப் பாதிப் பதில் வந்தது. பாதி என்பதே பெரிது. 'ஆய்வு எதுவும் இல்லை' என்று ஒரு வரி வந்தாலே அது கையில் ஆதாரம்.

மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதில் மூன்று பிரிவுகளைச் சுட்டுங்கள்: முக்கியக் கொள்கை வகுக்கும்போது உண்மைகளைத் தாமாக வெளியிடச் சொல்லும் 4(1)(இ), பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்னும் 8(2), மறைக்க வேண்டியதை மட்டும் மறைத்து மீதியைத் தரச் சொல்லும் 10. அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். அங்கே காத்திருப்பு நீளம், பொறுமை வேண்டும்.

எம்.பி.க்குக் கடிதம் எழுதும்போது 'எதிர்க்கவும்' என்று எழுதாதீர்கள். மடித்து வைத்துவிடுவார்கள். நாடாளுமன்றத்தில் கேட்கக்கூடிய கேள்வியாகவே, நாலு வரியில், எழுதிக் கொடுங்கள். உதவியாளர் அப்படியே அனுப்ப முடிந்தால்தான் அனுப்புவார். வர்த்தகத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு சில தலைப்புகளில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டுப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கும். கண்ணில் பட்டால் என்னிடம் சொல்லுங்கள், சேர்ந்து எழுதலாம்.

எதிர்ப்பக்க நாட்டின் தளங்களையும் மறக்காதீர்கள். நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைச் சம்பந்தி வீட்டில் போய்ப் படிப்பது வெட்கம்தான். ஆனால் படிக்கலாம். 2016 பிப்ரவரியில் பல நாட்டு டிஜிட்டல் உரிமை அமைப்புகள் பிரஸ்ஸல்ஸில் கூடி வெளியிட்ட பிரகடனம் ஒன்று உண்டு. வரைவுகளை வெளியிடு, எல்லாத் தரப்பையும் கேள் என்பதே அதன் சாரம். பெங்களூரில் இயங்கும் ஐ.டி. ஃபார் சேஞ்ச் போன்ற அமைப்புகள் ஒவ்வொரு ஒப்பந்தத்தின் டிஜிட்டல் பகுதியையும் அலசி எழுதுகின்றன. ஆங்கிலத்தில்தான். தமிழில் யாராவது செய்ய வேண்டும், நான் ஒருவன் போதாது.

கிராம சபையில தீர்மானம் போட்டா செல்லுமா?

டெல்லியைக் கட்டுப்படுத்தாது. பதிவாக இருக்கும், நாளிதழில் ஒரு மூலையில் வரும், அடுத்த ஊர் பார்க்கும். நீலகிரியில் ஊராட்சிகள் 35-தான். பேரூராட்சிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கிராம சபையே இல்லை, வார்டு அளவில் பகுதி சபைதான். அங்கே தண்ணீரும் காட்டெருமையும் பேசி முடிக்கவே நேரம் சரியாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

எனக்கு இங்கிலீஷ் வராது. இதுல நான் எதுக்கு?

போன மாதம் கேட்டவர் ஒரு அக்கா, கொழுந்து எடுக்கப் போகிறவர். மூல நிரல் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அப்ப தராசு அவன் வீட்லயே இருக்கும், நம்ம போய்ப் பாக்கக் கூடாது, அதானே?" என்றார். சுவர்த் தாளில் என் இரண்டு பக்கத்தைக் கிழித்துவிட்டு அந்த வரியைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, கடை சாத்திய பிறகு, மாலை 5 மணிக்குப் பின்னறையில் உட்காருகிறோம். மனு எழுத வருகிறவர்கள் 10 ரூபாய் அஞ்சல் ஆர்டரைச் சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு போஸ்ட் ஆபீஸ் லீவு.